வாட்டர்லூ: ஆபா குழுவின் போட்டிப் பாடலும் அதன் இசைத்தட்டும்

ஸ்வீடன் நாட்டின் ஆபா இசைக்குழு 1974ஆம் ஆண்டு, ஐரோப்பிய நாடுகள் பங்கேற்கும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் பாடி வென்ற ‘வாட்டர்லூ’ பாடலை அண்மையில் இரண்டு விதமாகக் கேட்டேன். கீழக்கரையில் நண்பர் ஒருவரின் வீட்டில், அவருடைய தந்தையார் வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி வந்த, நிமிடத்துக்கு நாற்பத்தைந்து முறை சுற்றும் சிறிய இசைத்தட்டாகக் கேட்டது ஒன்று. பாம்பனில் மைக்செட் தொழில் செய்யும் உறவினரின் ஒலிபெருக்கிகளில், கணினியிலிருந்து ஒலிக்கவிட்டுக் கேட்டது மற்றொன்று. மூன்று நிமிடத்துக்கும் குறைவான இப்பாடல் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தளராமல் நிற்பதற்கு அதன் மெட்டைவிட, இரண்டு பெண்குரல்களை ஒரே குரலாகப் பின்னிய ஒலிப்பதிவு முறையே காரணம் என்பது என் கருத்து.

போட்டியின் விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 1974 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தின் கடற்கரை நகரமான பிரைட்டனில் நடந்த அப்போட்டியில் 17 நாடுகள் கலந்துகொண்டன. ஒவ்வொரு நாட்டிலும் பத்து நடுவர்கள் இருந்தார்கள். ஆளுக்கு ஒரே ஒரு புள்ளி. தம் நாட்டுப் பாடலுக்கு அதைப் போட இயலாது. அந்தக் கணக்கில் ஒரு பாடல் பெறக்கூடிய அதிகபட்சப் புள்ளி 160 என்றாலும், வாக்குகள் பல திசைகளில் சிதறியதால் ஆபா 24 புள்ளிகளில் முதலிடம் பெற்றது; இரண்டாவதாக வந்த இத்தாலிக்கு 18. போட்டியை நடத்திய பிரிட்டனின் நடுவர்கள் பத்துப் பேரில் ஒருவர்கூட ஸ்வீடனுக்கு வாக்களிக்கவில்லை. ஆனால் அடுத்த மாதமே அதே பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இந்த இசைத்தட்டு முதலிடத்துக்கு வந்து இரண்டு வாரம் அங்கேயே இருந்தது. பத்து நடுவர்களின் காதுக்கு எட்டாதது கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கிய மக்களின் காதுக்கு எட்டிவிட்டது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

குழுவினர் நால்வர்: அக்னெத்தா, ஆனி-ஃப்ரீட் என்ற இரண்டு பாடகியரும், பியோர்ன், பென்னி என்ற இரண்டு இசையமைப்பாளர்களும். பாடல் வரிகளை அவர்களுடைய மேலாளர் ஸ்டிக் ஆண்டர்சன் எழுதினார். போட்டிக்கு அனுப்பக் குழுவின் கையில் இன்னொரு பாடலும் இருந்தது. அது அக்னெத்தா மட்டும் முன்னின்று பாடும் மென்மையான பாடல். இருவரும் சேர்ந்து பாடும் ‘வாட்டர்லூ’வைத் தேர்ந்தெடுத்ததுதான் அவர்கள் செய்த மிகச் சிறந்த முடிவு. அதற்கான காரணத்தை ஒலிப்பதிவைக் கூர்ந்து கேட்டால் உணரலாம்.

1973 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் இதைப் பதிவு செய்தபோது ஒலிப்பதிவாளராக இருந்தவர் மைக்கேல் டிரெட்டோ. ஒரே பகுதியை மறுமுறை பதிவு செய்து முதல் பதிவின் மேல் அடுக்குவதும், அப்படி அடுக்கும்போது ஒலிநாடாவின் வேகத்தை மிகச் சிறிதளவு மாற்றிவிடுவதும் அவர் கையாண்ட முறை. வேகம் மாறினால் சுருதியும் நூலிழை அளவுக்கு விலகும். அந்த விலகல் பிசகாகக் கேட்பதில்லை, ஒலிக்கு அகலம் கொடுக்கிறது. தங்கச்சிமடத்தில் கோயில் பாடகர் குழுவின் பெண்கள் ஐந்தாறு பேர் ஒரே வரியை ஒரே சுருதியில் பாடும்போது, ஒருவர் குரலுக்கும் அடுத்தவர் குரலுக்கும் இடையிலுள்ள மயிரிழை வேறுபாட்டால் அந்த வரி கோயில் முழுக்க நிறைவதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். அத்தகைய நிறைவை இரண்டே பாடகியரைக் கொண்டு டிரெட்டோ உண்டாக்கியிருக்கிறார். பல்லவி தொடங்கும் இடத்தில் அக்னெத்தாவின் கூர்மையான மேல்குரலும் ஆனி-ஃப்ரீடின் சற்றே கனத்த குரலும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று நான் எத்தனை முறை கேட்டும் தெளிவாகப் பிரித்தறிய முடியவில்லை.

தாளம் நேரான நான்காக இல்லாமல் மும்மூன்றாக எண்ணும் திஸ்ரத்தின் சாயலில் ஊஞ்சலாடிச் செல்கிறது. பியானோவும் சாக்ஸஃபோனும் அந்த ஆட்டத்தின் மேல் ஏறி நிற்கின்றன. ஓலா புரூன்கெர்ட்டின் டிரம்ஸ், ரூட்கர் குன்னார்சனின் பேஸ் கிதார், யான்னே ஷாஃபரின் கிதார் ஆகிய மூன்றும் முன்வந்து தம்மைக் காட்டிக்கொள்வதில்லை. குரல்களைத் தாங்கும் தளமாகவே இருக்கின்றன. முன்னிசை என்று சொல்லத்தக்க நீளத்தில் எதுவும் இல்லை. சில நொடிகளிலேயே பாட்டு தொடங்கிவிடுகிறது. மூன்று நிமிடத்துக்கு மேல் பாடக்கூடாது என்ற போட்டி விதிக்குள் இருந்துகொண்டு ஒரு நொடியையும் வீணாக்காத இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பாம்பனில் செய்து பார்த்த சோதனையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திருவிழாவில் கம்பத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியில் கீழ்ச்சுருதி ஒலிகள் ஏறக்குறைய முழுவதுமாக வடிந்துவிடும். மனிதக் குரல் ஒலிக்கும் நடுப்பகுதி மட்டுமே காற்றில் தூரம் போகும். இன்றைய திரைப்பாடல்கள் பல அந்தக் குழாயில் எலும்புக்கூடாகிவிடுகின்றன. ‘வாட்டர்லூ’ அப்படி ஆகவில்லை. பேஸ் முழுவதும் போன பிறகும் குரல்களும் பியானோவும் தெளிவாக நின்றன. கடற்காற்று எதிர்த்து வீசிய நேரத்திலும் பல்லவி தெருமுனை வரை கேட்டது. அதே பாடலைக் கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் பெரிய பாக்ஸ்களில், ஆம்ப்ளிஃபையரின் பேஸ் திருகை வழக்கம்போல முழுவதுமாகத் திருப்பி வைத்துக் கேட்டபோதுதான் ஏமாற்றம் வந்தது. அடுக்கடுக்காக வைத்த நடுப்பகுதி ஒலிகள் கலங்கிப்போய், சாக்ஸஃபோன் வெறும் இரைச்சலானது. பேஸைப் பாதிக்குக் குறைத்து, டிரெபிளை ஒரு புள்ளி ஏற்றி, எக்கோவை முற்றிலும் நிறுத்திய பிறகே பாட்டு தன் உருவத்துக்குத் திரும்பியது. அந்தக் காலத்துச் சிறிய வானொலிப் பெட்டியிலும் தொலைக்காட்சியின் ஒற்றை ஒலிபெருக்கியிலும் மக்கள் கேட்டது இதற்கு நெருக்கமான ஒலியாகத்தான் இருந்திருக்கும்.

பிரைட்டன் மேடையின் காட்சிப்பதிவையும் பார்த்தேன். மேடையின் வாத்தியக் குழுவை நடத்த வந்த ஸ்வென்-ஊலோஃப் வால்டோஃப் நெப்போலியன் வேடத்தில் வந்து நின்றதும் அரங்கம் மகிழ்கிறது. பளபளக்கும் உடைகளும் பியோர்னின் நட்சத்திர வடிவக் கிதாரும் அக்காலப் போட்டி மேடையின் கண்ணியமான மாலை உடைகளுக்கு நடுவே பெரும் துணிச்சல். மேடையில் குரல்களை நேரடியாகவே பாட வேண்டும் என்பது அன்றைய விதி. ஆகவே இசைத்தட்டில் உள்ள அடுக்குக் குரல் அங்கே கிடையாது; இரண்டு பெண்கள், இரண்டு தொண்டைகள், அவ்வளவுதான். ஒலியின் செறிவில் இசைத்தட்டே மேல். ஆனாலும் அடுக்கு இல்லாத நிலையில் இருவரும் சுருதி பிசகாமல், மூச்சு வாங்குவது தெரியாமல், ஆடிக்கொண்டே பாடுவதைப் பார்த்த பிறகு, ஒலிப்பதிவுக் கூடத்தின் நுட்பத்தால் மட்டும் இந்தப் பாடல் பிழைத்தது என்று யாரும் சொல்ல முடியாது.

பாடலின் பொருள் எளியது. 1815இல் வாட்டர்லூ களத்தில் நெப்போலியன் தோற்றதைப் போலத் தானும் காதலனிடம் தோற்றதாகவும், அந்தத் தோல்வியே தனக்கு வெற்றி என்றும் ஒரு பெண் பாடுகிறாள். காதலைச் சொல்லப் போர்க்களத்தை இழுத்து வருவதைச் சிலர் விளையாட்டுத்தனம் என்று குறை கூறுவர். ஊரார் தூற்றும் அலரை அரசர்களின் போர்க்களத்து ஆரவாரத்தோடு ஒப்பிட்ட சங்க அகப்பாடல்களைப் படித்த நமக்கு அது புதிதன்று. புறத்தை எடுத்து அகத்துக்கு உவமையாக்குவது நம் மரபில் ஊறிய வழக்கம். என் குறை வேறு. சங்கப் பாடலில் அந்த உவமை ஒரே வீச்சில் வந்து முடியும். இங்கேயோ இரண்டாவது சரணத்தில் புதிய செய்தி எதுவும் இல்லாமல், முதல் சரணம் சொன்னதையே சொல்மாற்றிச் சொல்கிறார்கள். குரல்களின் வேகம் அந்த வெறுமையை மறைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வரிகளை மட்டும் தாளில் எழுதிப் படித்தால் அது பளிச்சென்று தெரிகிறது.

ஸ்வீடனின் தேர்வுச் சுற்றில் இதைத் தாய்மொழியில் பாடியவர்கள், எந்த மொழியிலும் பாடலாம் என்று 1973இல் தளர்ந்த விதியைப் பயன்படுத்திப் பிரைட்டனில் ஆங்கிலத்தில் பாடினார்கள். இரண்டையும் கேட்டதில், உயிரெழுத்துகள் நீண்டு திறந்து ஒலிக்கும் ஸ்வீடிஷ் வடிவமே சரணங்களில் அழகாக இருக்கிறது என்பேன். பல்லவியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். பழைய பிரதிகளை வாங்கும்போது உறையின் அழகைப் பார்க்காமல் தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம் போன்ற நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் தாள் உறைக்குள் பூஞ்சை பிடித்து, அது தட்டின் பள்ளங்களில் வெண்புள்ளிகளாக ஒட்டிவிடுகிறது. ஊசி அதன் மேல் போகும்போதெல்லாம் படபடவென்று சத்தம் எழும். உப்புக்காற்றில் இயந்திரத்தின் இணைப்பு முனைகளும் களிம்பேறி, ஒரு பக்க ஒலி திடீரென்று நின்றுபோகும். தட்டைத் துடைத்து, உறையை மாற்றி, நெட்டாக நிறுத்தி வைக்கப் பொறுமை உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் இணையத்தில் கேட்பதே நல்லது. இப்பாடலின் உயிர் நடுப்பகுதி ஒலியில் இருப்பதால் சாதாரணக் கைப்பேசியில்கூடப் பெரிய இழப்பு இல்லை. நான் கேட்ட தட்டின் பின்பக்கத்தில் பியோர்ன் முன்னின்று பாடும் முரட்டு ராக் பாடல் ஒன்று உண்டு. ஒரு முறை கேட்டால் போதும், அதற்காகத் தட்டைத் திருப்பிப் போட வேண்டிய தேவை இல்லை.