சாடிக்கு வெட்டிவேரா, ஊதாப் புல்லா?

கடை வாசலில் றோட்டைப் பார்த்து நிற்கிற சீமெந்துச் சாடிகளுக்கு நான் தெரிவு செய்தது வெட்டிவேர். கூடவே யோசித்தவை ஊதா நிறப் பூம்புல்லும் எலுமிச்சைப் புல்லும். வெயிலை மூன்றுமே தாங்கும், அதில் பேச ஒன்றுமில்லை.

அழகென்றால் ஊதாப் புல்தான். கருஞ்சிவப்பு இலை, மெத்தென்ற நீளக் கதிர். அதன் பச்சை வகையை மட்டும் வாங்காதீர்கள். விதை பறந்து கண்ட இடமெல்லாம் முளைக்கும், பல நாடுகளில் அது ஆக்கிரமிப்புக் களை. எலுமிச்சைப் புல் தேநீருக்கும் உதவும். அதன் வாசத்துக்கு, திருகோணமலை டவுனில் திரியும் மான்களும் அவ்வளவாக வாய் வைக்காது.

ஆனால் இங்கே முடிவைச் சொல்வது தண்ணீர். மாரி மழை தை மாதத்தோடு ஓய்ந்தால் ஐப்பசி வரை பெருமழையை நம்ப முடியாது. இடையில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாக அடிக்கும். தரையில் நிற்கிற புல் ஈரம் தேடி வேரை இறக்கும், சாடிப் புல்லுக்கு அந்த வழி இல்லை. அதோடு கரையோரக் கிணறுகள் பல அந்த நாட்களில் உவர்க்கும். அந்தத் தண்ணீரை ஊற்ற ஊற்ற உப்பு சாடிக்குள்ளேயே தங்கி, மண்ணின் மேல் வெள்ளையாகப் பூக்கும். எலுமிச்சைப் புல்லின் இலை நுனி கருகிக்கொண்டு வரும். வெட்டிவேர் இந்த உப்பைத் தாங்கும். மாரியில் சில நாள் தண்ணீர் தேங்கினாலும் அழுகாது. எந்தப் புல் வைத்தாலும் இடைக்கிடை அடித்துளையால் வழிந்தோடும்வரை ஊற்றுங்கள், உப்பு கொஞ்சமாவது கழுவுப்படும்.

வெட்டிவேருக்கும் பராமரிப்பு வேலை உண்டு. நேரே கீழிறங்குகிற வேர் சாடியின் அடியில் சுருண்டு, பின்னிய பாய் மாதிரி இறுகிவிடும். அப்புறம் ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரத்தால் ஓடும். அப்போது சாடியைச் சரித்துத் தூரை வெளியே எடுத்து, கத்தியால் பிளந்து, இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, திரும்ப நட வேண்டும். மழை தொடங்குகிற ஐப்பசிதான் இதற்குத் தோதான காலம். கழித்த வேரைக் கழுவிக் காயவைத்துத் தண்ணீர்ப் பானையில் போடலாம்.

கடல் தூவானம் நேரே படுகிற உப்புவெளிப் பக்கம் ஊதாப் புல்லை நான் வைத்துப் பார்த்ததில்லை. அங்கே இருப்பவர்கள் முதலில் ஒரு சாடியில் மட்டும் வைத்துப் பாருங்கள். வெட்டிவேர் என்றால் ஒன்றரை அடிக்குக் குறையாத ஆழமுள்ள சாடியாக எடுங்கள். தனித் தண்டாக நடாமல், 3 அல்லது 4 தண்டு சேர்ந்த தூராகப் பிரித்து நட்டால் சீக்கிரம் அடர்ந்து வரும்.