சயனைடு சோதனை: பட்டையை விடுங்கள், வண்ண ஒப்பீட்டுப் பெட்டியைப் பாருங்கள்

மலேசியாவின் பகாங் மாநிலத்தில் தங்கச் சுரங்கப் பகுதிகளான ரவூப், குவாலா லிப்பிஸ் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள், தங்கம் பிரிக்கும் சயனைடு ஆற்றில் கலந்ததா என்று பார்க்கக் கோலாலம்பூர் ஆய்வகப் பொருள் கடைக்குப் போனால் முதலில் கேட்பது தண்ணீரில் முக்கிப் பார்க்கும் சயனைடு பட்டையைத்தான். விலை குறைவு, வேலையும் சுலபம். ஆனால் ஆற்று நீருக்கு அது பிரயோஜனப்படாது. டப்பாவில் அச்சிட்டிருக்கும் படிகளைப் பாருங்கள்: 0, 1, 3, 10, 30. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம். மலேசியாவின் 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில் சயனைடுக்கு 'ஏ' தர வரம்பு (குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே) 0.05, 'பி' தர வரம்பு (மற்ற இடங்களில்) 0.10. அதாவது, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே விடக்கூடிய அளவைப்போல் இருபது மடங்கு ஏறினால்தான் பட்டை முதல் நிறத்தையே காட்டும். 0.2 மில்லிகிராமுக்குள்ளேயே பெரும்பாலான மீன்கள் செத்துவிடும். மீன் மிதக்கும், பட்டை வெளுத்தே கிடக்கும். ஆலைக்குள் கரைசல் சிந்தியதா என்று பார்க்க மட்டும் பட்டை சரி.

வண்ண ஒப்பீட்டுப் பெட்டி வேறு ரகம். அதில் வரும் குளோரமின்-டி என்ற பொடி தண்ணீரிலுள்ள சயனைடைச் சயனோஜன் குளோரைடாக மாற்றும். பிறகு போடும் மருந்து நீலமோ ஊதாவோ ஆகும். அதை வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். நல்ல பெட்டியில் 0.05-க்குக் கீழேயும் சில படிகள் இருக்கும். இல்லாததை வாங்காதீர்கள். பிரிடின் கலந்த பழைய ரகத்தின் நாற்றம் வீட்டில் தாங்காது. பிரிடின் இல்லாத ரகத்தைக் கேட்டு வாங்கலாம்.

நம் ஊரில் இந்தப் பெட்டி சொதப்புவதற்கு முதல் காரணம் வெயில். நிறம் பிடிக்கும் வேதிமாற்றம் 25 பாகை செல்சியஸுக்கு என்று வகுத்தது. மத்தியானம் 33 பாகையில், கார் பானெட்டின் மேல் வைத்துச் செய்தால் நிறம் குறைவாகத் தெரியும். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஐஸ் துண்டு போட்டு 25-க்குக் கொண்டுவந்து, குழாயை அதில் நிறுத்தி, கையேடு சொல்லும் நிமிடக் கணக்கைக் கடிகாரம் பார்த்துப் பிடியுங்கள். இரண்டாவது காரணம் ஈரக்காற்று. குளோரமின்-டி பொடி ஈரம் இழுத்துச் சக்தி இழந்துவிட்டால், சயனைடு எவ்வளவு இருந்தாலும் நிறம் வராது. ஆய்வகத்தில் சயனைடு அளவு தெரிந்த நீர்த்த நியமக் கரைசல் வாங்கி மாதம் ஒருமுறை பெட்டியையே சோதிப்பது நல்லது. சயனைடே இல்லாத நீரோடு ஒப்பிடும் பூஜ்ய ஒப்பீட்டுக்குக் காய்ச்சி வடித்த நீர்தான். குழாய்த் தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரின் கணக்கைக் கெடுக்கும். தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வரும் ஆற்று நீரை மூடிய புட்டியில் தெளியவிட்டு மேல்நீரை எடுங்கள். பம்பு வைத்து உறிஞ்சி வடிகட்டினால் சயனைடும் வாயுவாகக் கூடவே போய்விடும்.

பிஎச் 9.2-க்குக் கீழே சயனைடில் பெரும்பகுதி ஹைட்ரஜன் சயனைடாக இருக்கும். அது 26 பாகையிலேயே கொதிக்கும் பொருள். ஆற்றின் பிஎச் 7 பக்கம் என்றால் கிட்டத்தட்ட முழுவதும் அந்த வடிவம்தான். பாதி நிரப்பிய மினரல் வாட்டர் புட்டியில் பிடித்துக் காராக் நெடுஞ்சாலை வழியாக நகரத்துக்குக் கொண்டுவந்து சோதித்தால் எதுவும் தெரியாததில் அதிசயம் இல்லை. சோதனையை ஆற்றங்கரையிலேயே முடிக்க வேண்டும். பெட்டியின் மிகப் பெரிய லாபமே இதுதான்.

அதே கையோடு ஆய்வகத்துக்கும் ஒரு புட்டி பிடியுங்கள். பழுப்புப் புட்டி, விளிம்பு வரை நீர், பிஎச் 12-ஐத் தாண்டும் வரை சோடியம் ஹைட்ராக்சைடு (லிட்டருக்கு அரை கிராம் அளவில் தொடங்கிப் பிஎச் தாளில் பார்க்கவும்), ஐஸ் பெட்டி. இப்படி வைத்தால் 14 நாள் தாங்கும். நீரில் தொட்ட ஈய அசிடேட் தாள் கறுத்தால் சயனைடு கணக்கைக் கெடுக்கும் சல்பைடு இருக்கிறது. அப்போது ஒரு நாளுக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். காரம் போட்ட இந்த நீரைப் பெட்டியில் ஊற்றிப் பார்க்காதீர்கள், நிறம் சரியாக வராது. அமிலம் விட்டுச் சரிசெய்யலாம் என்ற யோசனையே வேண்டாம். அமிலம் பட்டால் சயனைடு விஷவாயுவாக வெளியேறும்.

பெட்டி எவ்வளவு நல்லதானாலும், அது பார்ப்பது எதோடும் பிணையாத சுதந்திரச் சயனைடையும் சுலபமாகப் பிரியும் கொஞ்சத்தையும்தான். இரும்போடு பிணைந்தது கண்ணில் படாது. அப்படிப் பிணைந்தது கழிவுக் குட்டையிலிருந்து வெளியேறி, ஆழமில்லாத ஓடையில் வெயில் பட்டதும் உடைந்து சயனைடை விடும். காலையில் சுத்தமாக இருந்த இடம் மதியம் நிறம் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே ஆய்வகத்தில் சுதந்திரம், வீரியம் குறைந்த அமிலத்தில் பிரிவது, மொத்தம் என மூன்று எண்களையும் கேளுங்கள். கழிவுக் குட்டைக்கு உலகச் சயனைடு விதித்தொகுப்பு சொல்லும் 50 மில்லிகிராம் வரம்பு இந்த மூன்றில் நடு எண்ணுக்கானது; ஆற்றில் விடும் நீருக்கு அந்த நடு எண்ணின் வரம்பு 0.5. அந்தத் தொகுப்பு பிறந்ததே 2000 ஜனவரியில் ருமேனியாவின் பாயா மாரேயில் குட்டைக்கரை உடைந்து சயனைடு நீர் தீசா ஆற்றில் கலந்த பிறகுதான். ஆய்வகத்துக்கு 'சாம்' (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. அங்கீகாரப் பட்டியலில் சயனைடு தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இயல்பிலேயே சயனைடு தரும் மரவள்ளிக்கிழங்கைச் சோதிக்க இதே பெட்டி ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. கிழங்குக்குச் சயனைடு வாயு பட்டால் நிறம் மாறும் பிக்ரேட் தாள்தான் தோது. ஊறவைத்து நீரைக் கொட்டும் பாட்டிகளின் முறையும் இன்றும் செல்லும்.

கடையில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வெளி அட்டையில் புதுத் தேதி இருக்கும். பார்க்க வேண்டியது குளோரமின்-டி குப்பியின் தேதி.