நெஃப்ரைட்டா, ஜேடைட்டா? செதுக்கிய ஜேட் வாங்குகிறவருக்கு

சீன வேலைப்பாட்டில் செதுக்கிய ஜேட் பதக்கம் ஒன்று வாங்கப் போனால், முதலில் எந்தக் கல் என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஜேட் என்ற ஒரே பெயரில் இரண்டு கனிமங்கள் விற்கின்றன: நெஃப்ரைட், ஜேடைட். இரண்டும் வேறு வேறு என்று 1863இல் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் டாமூர். நான் எடுத்தது நெஃப்ரைட்.

நிறம்தான் முக்கியம் என்றால் ஜேடைட், அதில் பேச்சே இல்லை. மியான்மரின் கச்சின் பகுதியிலிருந்து வரும் நல்ல பச்சைக்கு நெஃப்ரைட் ஈடாகாது. தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற முட்டைக்கோஸ் சிற்பமும் ஜேடைட்தான்: கல்லின் வெள்ளைப் பகுதி தண்டாகவும், பச்சை இலையாகவும் மாறியிருக்கிறது.

ஆனால் இன்று கடையில் ஜேடைட் வாங்குவதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மட்டமான கல்லை அமிலத்தில் ஊறவைத்துக் கறையை நீக்கி, உண்டான இடைவெளிகளில் பாலிமரை, அதாவது பிளாஸ்டிக் மாதிரியான பிசினை, ஏற்றுவார்கள். இதுதான் பி சரக்கு. சாயம் ஏற்றினால் சி சரக்கு. கைபடாதது ஏ. பி சரக்கு புதிதில் கண்ணாடி மாதிரி மின்னும். நாளடைவில் பாலிமர் மஞ்சளித்து மங்கும், அமிலம் தின்ற கல்லும் பலவீனம். திரும்ப விற்கப் போனால் மதிப்பு போயே போச்சு. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது அனுபவசாலிக்கே கஷ்டம், ஆய்வகத்தில் அகச்சிவப்பு நிறமாலை எடுக்க வேண்டும். விலை குறைந்த பதக்கத்துக்கு யார் அந்தச் செலவு செய்வார்கள்?

நெஃப்ரைட்டில் இந்தத் தொல்லை குறைவு. அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எளிதில் உடையாது, மெல்லிய துளைவேலையும் தாங்கும். செதுக்கல் என்கிறோமே தவிர உளி வேலை இல்லை, முழுக்க உராய்த்து எடுப்பதுதான். சீனர்கள் லியாங்ஜூ என்ற புதிய கற்காலப் பண்பாட்டின் காலத்திலிருந்தே, ஏறத்தாழ 5,000 ஆண்டுகளாக, இந்தக் கல்லில் கை பழகியவர்கள். மியான்மர் ஜேடைட் அங்கே பெருமளவில் வந்ததே 18ஆம் நூற்றாண்டில்தான்.

நெஃப்ரைட்டிலும் ஏமாற்று இல்லாமல் இல்லை. மதிப்பு கூடிய ஆற்றுக்கல் மாதிரி தெரிய மேல்தோலுக்குச் சாயம் பூசுவார்கள். சீனாவின் சின்ஜியாங்கில் உள்ள ஹோத்தான் ஊரைச் சொல்லும் ஹோத்தான் ஜேட் என்ற பெயரை நம்பிக் கூடுதல் பணமும் கொடுக்காதீர்கள், சீனத் தரவிதிப்படி சிங்ஹாய் மாகாணக் கல்லும் ரஷ்யக் கல்லும் அந்தப் பெயரில் வரலாம்.

நான் சொல்வது புதுச் செதுக்கலுக்கு மட்டும். ஏலத்தில் வரும் சிங் அரச வம்சக் காலப் பழம்பொருளுக்கு இந்தக் கணக்கு உதவாது. வேலைப்பாடே இல்லாத பச்சை வளையல்தான் வேண்டும் என்றால் ஜேடைட்டே வாங்குங்கள், ஆனால் ஆய்வகச் சான்றிதழில் ஏ என்று இருக்க வேண்டும்.