ரிமோட் காரைவிட ஒரு பலகை மேல்

எங்கள் வீட்டில் மூன்று வகைப் பொம்மை வண்டிகள் ஓடுகின்றன. சும்மா உருளும் சின்ன உலோகக் கார்கள், பின்னால் இழுத்துவிட்டால் பாயும் கார், ரிமோட் கார். மகனுக்கு மூன்று வயதானபோது ஆரம்பித்த விளையாட்டு. இப்போது ஐந்தை நெருங்குகிறான். இவ்வளவு நாள் பார்த்ததில், அவனை அதிகம் யோசிக்க வைத்தது ஒன்றுமே செய்யாத அந்த உலோகக் கார்தான். ரிமோட் கார் கடைசி இடம். அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். அதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

உலோகக் காருக்குத் துணை ஒரு பழைய அலமாரிப் பலகை. ஒரு முனைக்கு அடியில் புத்தகங்களை அடுக்கினால் சரிவு தயார். புத்தகம் கூடக் கூட கார் தூரம் போகும். ரொம்ப ஏற்றினால் அடிவாரத்தில் மூக்கு குத்தி நின்றுவிடும். ஒரு அட்டையை வளைத்து அங்கே ஒட்டினால் சரியாகிவிடும்.

எங்கள் ஒரே விதி, காரை விடுவதற்கு முன் அது எங்கே நிற்கும் என்று சொல்ல வேண்டும். அவன் அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையை வைப்பான். ஒருநாள் பலகை முடியும் இடத்தில் தடித்த துண்டை விரித்தேன். கட்டையை வழக்கம்போலத் தூரத்தில் வைத்தான். கார் துண்டில் ஏறியதும் நின்றுவிட்டது. குனிந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "துண்டு பிடிச்சுக்குது" என்றான். கட்டையைத் துண்டின் ஓரத்துக்கே கொண்டுவந்துவிட்டான். உராய்வு என்று நான் பெயர் சொல்லவில்லை. இந்த வயதில் அது தேவையும் இல்லை.

சரிவில் இரண்டு வண்டிகளை ஒன்றாக விட்டால் கனமான பொம்மை லாரிதான் முதலில் வரும் என்பது அவன் கட்சி. பெரியவர்களும் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். கனமான வண்டியைப் பூமி அதிகமாக இழுக்கிறது, ஆனால் அதை நகர்த்தவும் அதே அளவு அதிக விசை வேண்டும், ஆக எடையால் பெரிய வித்தியாசம் வராது. சக்கரம் எவ்வளவு லேசாகச் சுழல்கிறது என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. அச்சில் முடி சுற்றிய லாரி பலமுறை தோற்றது. சாமணத்தால் எடுத்தபின் நன்றாக ஓடியது. 1638இல் வெளியான நூலில் கலிலியோ விவரிக்கும் சோதனையும் சரிந்த பலகையின் பள்ளத்தில் வெண்கலக் குண்டை உருட்டியதுதான்.

சரிவில் தெரியாத எடையின் வேலையைக் காட்ட இழுத்துவிடும் கார் நல்லது. களிமண் உருண்டையை மேலே ஒட்டி, அதே தூரம் இழுத்துவிட்டால் சீக்கிரம் நின்றுவிடும். கொஞ்சம் இழுத்தால் இவ்வளவு தூரம் எப்படிப் போகிறது என்று அவனே கேட்டான். உள்ளே சுருள்வில் இருக்கிறது. முறுக்கும்போது ஒரு பல்சக்கர வரிசை, ஓடும்போது வேறொன்று. பழைய காரைப் பிரித்துக் காட்டியதில் பாதி புரிந்திருக்கும். முதலில் பழுதாவதும் இந்த வகைதான். முறுக்கியபின் 'டக் டக்' என்று கேட்டால் அதற்குமேல் இழுக்க விடாதீர்கள்.

லாரி மேல் பொம்மையை உட்காரவைத்துச் சுவரில் மோதவிடுவது இப்போதைய மோகம். லாரி நிற்கும், பொம்மை பறக்கும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் பறக்காது. காரில் பெல்ட் போடச் சொன்னால் இப்போதெல்லாம் தகராறு குறைவு.

மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் கழன்று வரும் சக்கரங்கள் உள்ள வண்டி வேண்டாம், வாயில்தான் போகும். ரிமோட்டில் பட்டன் பேட்டரி இருந்தால் மூடி திருகாணி போட்டதா என்று பாருங்கள். விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும்.