மார்கழிப் பார்ட்டிக்கு முன் ஒரு கோப்பை இலைக்கஞ்சி: கல்லடிக் கஞ்சிக் கடை பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே சாப்பிட்டால் உடம்பு மெலியாது. மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைக் கடந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தகரக் கூரைக்குக் கீழே இரண்டு மேசையும் ஒரு நீள வாங்கும் போட்டு, பின்னேரங்களில் இலைக்கஞ்சியும் அவித்த கௌபியும் குரக்கன் புட்டும் விற்கிறார்கள். பெயர்ப் பலகை இல்லை. எல்லோருக்கும் அது 'கஞ்சிக் கடை'. ஓர் அக்காவும் அவருடைய தங்கச்சியும் நடத்துகிறார்கள். நத்தாரில் இருந்து தை மாதக் கல்யாணங்கள் வரை நிறை கூடாமல் தப்ப வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் கைகாட்டுவது இந்தக் கடையைத்தான். சாப்பாடு நல்லதுதான், ஆனால் அதைவிட எனக்குப் பிடித்தது அது திறந்திருக்கும் நேரம். பின்னேரம் 4 மணிக்குத் திறந்து 8 மணிக்குப் பூட்டுகிறார்கள்.

நேரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் ஊரில் கொண்டாட்டக் காலமும் மழைக் காலமும் சேர்ந்துதான் வரும். நவம்பரில் பிடிக்கிற மழை ஜனவரி வரை இழுக்கும். மற்ற மாதங்களில் விடிய எழும்பி பழைய பாலத்தில் நடக்கிற கூட்டம் டிசம்பரில் காணாமல் போய்விடும். 1924இல் கட்டிய லேடி மெனிங் பாலம் அது. 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்த பிறகு பழையது நடப்பவர்களுக்கு நல்ல வசதியாகிவிட்டது. ஆனால் வாவியில் இருந்து சாய்வாக அடிக்கிற மழைக்குள் குடையோடு எவ்வளவு தூரம் நடப்பது? இப்படி நடை நிற்கிற அதே கிழமைகளில்தான் கந்தோரில் வருட இறுதிப் பார்ட்டி வரும். பக்கத்து வீட்டுப் பறங்கி அன்ரியிடம் இருந்து கேக் தட்டு வரும். கோயிலில் திருவெம்பாவைப் பூசை முடிய அவலும் மோதகமும் கிடைக்கும். அதற்குப் பிறகு 31ஆம் திகதி இரவு, பொங்கல், தை பிறந்ததும் வரிசையாகக் கல்யாணங்கள். மார்கழியில் கல்யாணம் இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

எங்கள் கந்தோர்ப் பார்ட்டி எப்படி நடக்கும் என்று சொன்னால் கடையின் அருமை விளங்கும். நகரில் ஒரு ஹோட்டல். அழைப்பில் மாலை 6.30 என்று போட்டிருக்கும். இராச் சாப்பாட்டு மேசையின் மூடியைத் திறக்க 9.30 ஆகும். மத்தியானம் 12.30க்குச் சாப்பிட்ட மனிதர் ஒன்பது மணித்தியாலம் எப்படிப் பொறுப்பது? அதற்குத்தான் ரோல்ஸ், பட்டிஸ், கட்லட் என்று தட்டுத் தட்டாக வருகிறது, கூடவே கலர்ச் சோடாவும். பசித்தவர் கை எண்ணிக்கொண்டு எடுக்காது. 9.30க்குப் பிறகு பிரியாணியும் டெவில் கோழியும் வட்டிலப்பமும். மேசையில் இருந்து எழும்ப 11 மணி, நேரே படுக்கை.

இதற்கு முன், கந்தோர் விட்டு வீடு போகிற வழியில், ஐந்தரை மணிக்கு ஒரு கோப்பை கஞ்சியும் ஒரு சின்னக் கிண்ணம் கௌபியும். நான் செய்வது அவ்வளவுதான். வயிற்றில் நாரும் புரதமும் இருக்கிறபோது தட்டு முன்னால் வந்தாலும் ஒரு கட்லட்டை எடுத்துக் கதைத்துக் கதைத்துச் சாப்பிட முடிகிறது. இராச் சாப்பாட்டுக்கும் தலைசுற்றும் பசியோடு போவதில்லை. பார்ட்டிக்குப் போகிற நாளில் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு 'இரவில் பார்த்துக்கொள்வோம்' என்று இருப்பவர்கள் எங்கள் கந்தோரில் நிறையப் பேர். ஏழு மணிக்கு அவர்கள் ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பதைப் பார்க்கலாம்.

சரி, கஞ்சிக்கு வருவோம். அக்கா சமைக்கிற இடம் மேசைக்கு நேரே இருப்பதால் எல்லாம் கண்ணுக்கு முன்னால்தான். சிவப்புப் பச்சையரிசி குழைந்து வெடித்து, தண்ணீர் மாநிறமாகும் வரை விடுகிறார். வல்லாரை, முசுட்டை, முல்லை, தூதுவளை எது அன்றைக்குக் கிடைத்ததோ அதை அரைத்து, துணியில் வடித்து, பச்சைச் சாற்றை ஊற்றுகிறார். தட்டிய உள்ளியும் மிளகும் சீரகமும் ஏற்கெனவே அரிசியோடு வெந்திருக்கும். தேங்காய்ப்பால் கடைசியில்தான், அதுவும் அடுப்பை நன்றாகக் குறைத்த பிறகு. கொதிக்க விட்டால் பால் திரிந்துவிடும், இலையின் நிறமும் மங்கிவிடும். கோப்பையில் வார்த்த உடனே குடிக்க ஏலாது, விளிம்பில் ஊதி ஊதித்தான் குடிக்க வேண்டும். மெதுவாகக் குடிப்பதே ஒரு நன்மை.

எனக்கு மிகப் பிடித்தது, கடித்துக்கொள்ளும் சர்க்கரைத் (வெல்லத்) துண்டை அவர் தானாகக் கொடுப்பதில்லை. போத்தலில் இருக்கும், கேட்டால்தான் வரும். ஒருநாள் பக்கத்தில் இருந்தவர் "அக்கா, சர்க்கரை தரல்லியே" என்றதற்கு, "கேட்டாத் தாறன் மனே, கேக்காத ஆக்களுக்கு ஏன் சீனிய ஏத்துவான்?" என்று சொல்லிக்கொண்டே ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். சர்க்கரையும் சீனியும் கலோரியில் பெரிதாக வேறுபடுவதில்லை. கித்துள் பாணியும் அப்படித்தான். 'இயற்கை' என்று போத்தலில் எழுதியிருந்தாலும் உடம்புக்குள் போனால் சீனிக் கணக்குத்தான்.

குரக்கன் புட்டைப் பற்றிக் கொஞ்சம் முரண்பட வேண்டியிருக்கிறது. குரக்கன் என்றால் எவ்வளவு சாப்பிட்டாலும் நிறை ஏறாது என்று நினைத்து இரண்டு பார்சல் வாங்கிப் போகிறவர்களைக் கண்டிருக்கிறேன். குரக்கன் மாவுக்கும் அரிசி மாவுக்கும் கலோரி ஏறத்தாழ ஒன்றுதான், 100 கிராமுக்கு 330இல் இருந்து 360க்குள். குரக்கனின் சிறப்பு நாரிலும் கல்சியத்திலும். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது, வேறு தானியங்களில் இதற்குக் கிட்ட வருவது குறைவு. ஆனால் புட்டின் கலோரி எங்கே கூடுகிறது என்றால் தேங்காய்ப்பூவில். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாச்சத்துக்கு 4. அக்காவின் குழலில் மாவுக்குச் சமமாகத் தேங்காய்ப்பூ இருக்கும், அதனால்தான் அந்த ருசி. "தேங்காய்ப்பூ குறைச்சு ஒரு குழல்" என்று கேட்டால் முகம் சுளிக்காமல் அவித்துத் தருவார்கள். கூட முருங்கையிலை வறையும், கிடைக்கிற நாளில் சூடைமீன் புளியாணமும் எடுங்கள். சொதி கேட்டால் தாராளமாக ஊற்றுவார்கள், அதில் கவனம்.

குறைகளும் உண்டு. கௌபிக்கு மேலே போடுகிற கட்டாசம்பலில் உப்புக் கூட. அதில் சேர்கிற மாசிக் கருவாடே உப்பானது, அதற்கு மேலும் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உள்ளே உப்பு போதும் என்கிறது. பிரஷர் உள்ள என் அம்மாவுக்கு வாங்கும்போது சம்பலை விட்டு, தேசிக்காய் பிழிந்த வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் மட்டும் போடச் சொல்வேன். இரண்டாவது குறை காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. டிசம்பர் பிறந்தால் அங்கே தொதல் துண்டுகளும் கொக்கிஸும் கண்ணாடிப் போத்தல்களில் வந்து குந்தும். கஞ்சி குடித்துவிட்டுக் காசு கொடுக்கிற இடத்தில் தொதலை வைத்தால் என்ன செய்வது? அக்காவிடம் கேட்டேன். "சனம் கேக்குது, வெச்சாத்தானே யாவாரம்" என்றார். அதுவும் நியாயம்தான்.

சனிக்கிழமைகளில் எருமைத் தயிர்ச் சட்டியும் இருக்கும். மட்டக்களப்பாருக்குத் தயிரைப் பற்றிக் குறை சொல்ல வாய் வராது. எருமைப் பாலில் கொழுப்பு பசுப்பாலைவிட நன்றாகக் கூட, அதனால்தான் கத்தியால் வெட்டுகிற மாதிரிக் கட்டியாக வருகிறது. சின்னக் கிண்ணத்தில், பாணி இல்லாமல், ஒரு கதலி வாழைப்பழத்தோடு சாப்பிட்டால் அதுவே கேக்குக்குப் பதிலாகப் போதும். மேலே பாணியை ஆறாக ஓடவிடுவதென்றால் கேக்கையே சாப்பிடலாம்.

குடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் கலர்ச் சோடா விற்பதில்லை, வெறும் தேத்தண்ணீரும் மல்லித் தண்ணீரும் மட்டும். பார்ட்டிகளில் போத்தலை எடுக்கும்போது அதில் உள்ள வட்டத்தைப் பாருங்கள். 2016இல் இருந்து எங்கள் நாட்டில் இனிப்புப் பானங்களுக்கு நிறக்குறி கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2இல் இருந்து 11 வரை செம்மஞ்சள், அதற்கும் குறைந்தால் பச்சை. சிவப்பு வட்டமுள்ள 400 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றில் 44 கிராமுக்கு மேல், அதாவது பதினொரு தேக்கரண்டிக்கும் கூடச் சீனி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்று சொல்லப்படுகிறபோது இது ஒரே மூச்சில் உள்ளே போகிறது. ஆண்கள் பக்கத்து மேசையில் ஓடுகிற மற்றப் பானத்துக்கும் கணக்கு உண்டு. மதுசாரம் ஒரு கிராமுக்கு 7 கலோரி. அதோடு வருகிற பொரித்த கடலையையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால் என் வீட்டுக்காரர் எழும்பிப் போய்விடுவார்.

'இரண்டு கிழமைதானே, பிறகு குறைக்கலாம்' என்று சொல்பவர்களுக்கு 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றைச் சொல்வேன். 195 பேரை நிறுத்துப் பார்த்தார்கள். நவம்பர் நடுவில் இருந்து ஜனவரி ஆரம்பம் வரை சராசரியாகக் கூடியது 0.37 கிலோ. அரைக் கிலோகூட இல்லை. ஆனால் ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தபோது, கூடிய அந்த நிறை பிறகும் இறங்கியதாகத் தெரியவில்லை. வருடா வருடம் இப்படி ஏறினால் நாற்பது வயதில் என்னவாகும் என்று கணக்குப் போடலாம். நான் தராசை அவ்வளவாக நம்புவதில்லை, அளவு நாடாதான். எங்களைப் போன்ற தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90. அதற்கு மேல் போனால் யோசிக்க வேண்டும். நாடா இல்லாவிட்டாலும் கவலை இல்லை, போன தைக்குத் தைத்த சேலைச் சட்டை சொல்லிவிடும்.

சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் இந்தக் கஞ்சியையும் அளந்துதான் குடிக்க வேண்டும், குழைந்த அரிசி சீக்கிரம் சீனியாகும். கௌபியை முன்னுக்கு வைத்து, கஞ்சி அரைக் கோப்பை போதும் என்று கேளுங்கள். அரைக் கோப்பைக்கு அரை விலைதான் எடுக்கிறார்கள், வேறு எந்தக் கடையில் இது நடக்கும்? சீனி இருக்கிறதா என்றே தெரியாதவர்கள், 35 வயது தாண்டியிருந்தால், அரச வைத்தியசாலைகளில் இலவசமாகப் பார்க்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையத்துக்குப் பண்டிகைக்கு முதலே ஒருக்கால் போய்வாருங்கள்.

விலை: கஞ்சி 120 ரூபா, கௌபி 100, வறையோடு புட்டுப் பார்சல் 300. கஞ்சியைப் பொலித்தீன் பையில் கட்டித் தருவது எனக்குப் பிடிக்கவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் பிளாஸ்க் எடுத்துப் போங்கள். மழை நாளில் ஒழுங்கை முழுக்கச் சேறு, ஆட்டோ உள்ளே வராது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், ஒன்றைக் குறைத்தது உப்புக்கும் தொதல் போத்தலுக்கும். ஆறு மணிக்குப் பிறகு போனால் கௌபி முடிந்திருக்கும். முதல் நாளே சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள். பொங்கலன்றும் மறுநாளும் பூட்டு.