விற்க இருக்கும் வீட்டை நாமே காட்டுவதா, புரோக்கரிடம் விடுவதா, காலி செய்துவிட்டுக் காட்டுவதா?

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் எங்கள் பிளாட். மூன்றாம் மாடி, இரண்டு அறை. விற்று முடிப்பதற்குள் மூன்று விதமாகவும் காட்டிப் பார்த்துவிட்டோம்.

முதலில் நாங்களே காட்டினோம். விளம்பரத்தை இணையத்தில் போட்டதும் போன் ஓயவில்லை. இதில் உள்ள பெரிய லாபம், வருகிறவர் கேட்பதற்கு அங்கேயே பதில் இருக்கும். கரண்ட் போனால் லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா, மாதப் பராமரிப்புக் காசு எவ்வளவு, தண்ணீர்த் தாங்கியை எப்போது கழுவினார்கள் என்பதெல்லாம் குடியிருந்தவருக்குத்தான் தெரியும். கெடுதலும் அதே இடத்தில்தான். குடியிருந்தவர் வாயை மூட மாட்டார். வந்தவர்களுக்கு அம்மா தேத்தண்ணி கொடுத்தார், சரி. கூடவே, "தம்பிக்கு விசா வந்திட்டுது, ரெண்டு மாசத்தில வெளிக்கிட வேணும்" என்றும் சொல்லிவிட்டார். அன்று மாலையே அந்த மனிதர் இருபது லட்சம் குறைத்துக் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு பிழை என்னுடையது. மழைக்கு ஜன்னலோரச் சுவர் ஊறி, பெயின்ட் கொப்புளித்திருந்தது. அதன்மேல் நகைக்கடைக் கலண்டரைத் தொங்கவிட்டேன். பார்க்க வந்த அன்ரி திகதி பார்ப்பதுபோல் கிட்டப் போய், ஒரு விரலால் கலண்டரை ஒதுக்கினார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு குளியலறைக் குழாய், மின்பெட்டி, பல்கனிக் கம்பியில் உப்புக்காற்றுத் துரு என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஈரமிருந்தால் ஈரமிருக்கிறது என்று சொல்லிவிடுவது மேல்.

அடுத்தது புரோக்கர். பொதுவாக 3 சதவீதம் கேட்பார்கள்; மூன்று கோடிக்குப் போனால் ஒன்பது லட்சம். அந்தக் காசுக்கு ஒரு நியாயம் இருக்கிறது: விலை பேசும்போது நம் முகம் அங்கே இருக்காது, ஆகவே நம் அவசரமும் தெரியாது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும் நல்ல புரோக்கர் வாசலிலேயே கழித்துவிடுவார். எங்களுக்கு வாய்த்தவர் அப்படியில்லை. பத்து நிமிடத்துக்கு முன் போன் எடுத்துவிட்டு ஆட்களோடு வந்து நிற்பார். வந்தவர்களில் பாதிப்பேருக்கு எங்கள் வீட்டில் அக்கறையே இல்லை. இதைக் காட்டிவிட்டு, பக்கத்து ஒழுங்கையில் தன் கையிலிருந்த புதுப் பிளாட்டை "பாருங்கோ, அது எவ்வளவு வெளிச்சம்" என்று விற்பதற்கு எங்களைப் படிக்கட்டாக்கினார் என்பது பிறகுதான் விளங்கியது.

காலி வீட்டைக் காட்டுவது பற்றி அதிகம் சொல்ல இல்லை. அறை பெரிதாகத் தெரியும், அலுமாரி நின்ற இடத்து அழுக்கும் தெரியும். ஒவ்வொரு முறையும் யாராவது சாவியோடு போக வேண்டும்.

யார் காட்டினாலும் நேரம் முக்கியம். மேற்குப் பார்த்த பல்கனி என்றால் பகல் இரண்டு மணிக்குக் கூப்பிடாதீர்கள். வெயில் ஹோல் வரை வரும். ஞாயிறு மாலை கடற்காற்றுக்கு அருமையான நேரம்தான், ஆனால் 4.30 முதல் 6 வரை ராகுகாலம். எங்கள் ஆட்கள் அந்த நேரத்தில் வீடு பார்க்க வரமாட்டார்கள். நாங்கள் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மாறினோம்.

ரொறன்ரோ, லண்டன் ஆட்களுக்கு வீடியோ அழைப்பில் காட்டுவதற்கு முன் குடியுரிமையைக் கேளுங்கள். நாங்கள் விற்ற காலத்தில், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்குப் பொதுவாக நான்காம் மாடிக்குக் கீழே உள்ள பிளாட்டை எழுத முடியாமல் இருந்தது; சட்டம் பிறகு திருத்தப்பட்டதால் இன்றைய நிலையைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இருக்கவில்லை. இது தெரியாமல் ஒரு மாமாவுக்கு முக்கால் மணி நேரம் போனைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தேன்.

என்னைக் கேட்டால், நாமே காட்டுவதுதான் நல்லது, ஆனால் ஒருவர் மட்டும் நின்று, விலையை வீட்டுக்குள் பேசாமல். நேரமில்லாதவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் புரோக்கரிடம் விடலாம். தெரிந்தவர் மூலம் வந்தவராகப் பாருங்கள். எங்கள் வீட்டை நான் தனியாகத்தான் காட்டி விற்றேன். அந்த ஞாயிறுகளில் அம்மா மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போய்விடுவார். நான்காவது ஞாயிறு வந்தவர்கள் ஊறிய சுவரைப் பார்த்துவிட்டு, பூச்சு வேலைக்கு இரண்டு லட்சம் மட்டும் குறைக்கச் சொன்னார்கள்.