டைரக்ட் கூலா, ஃப்ராஸ்ட் ஃப்ரீயா: பழுது வரும்போது தெரியும் வித்தியாசம்

ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறவர்களிடம் கடைக்காரர் பொதுவாகச் சொல்லும் வித்தியாசம் ஒன்றுதான். சிங்கிள் டோர் டைரக்ட் கூலில் ஐஸ் கட்டும், அதை நாமே கரைக்க வேண்டும். டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் ஐஸ் கட்டாது என்பார். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைச் சற்றுத் திருத்த வேண்டும், ஏனெனில் ஃப்ராஸ்ட் ஃப்ரீயிலும் ஐஸ் கட்டத்தான் செய்கிறது. நம் கண்ணில் படாத இடத்தில் கட்டி, ஒரு ஹீட்டரின் உதவியால் நமக்குத் தெரியாமலே கரைகிறது. சில ஆண்டுகள் ஓடிய பிறகு சத்தமும் பனியும் தொல்லை தரத் தொடங்கும்போது, எதை வீட்டிலேயே சரிசெய்யலாம், எதற்கு மெக்கானிக்கை அழைக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் இந்த வேறுபாடே தீர்மானிக்கிறது.

டைரக்ட் கூலில் ஃப்ரீசர் பெட்டியின் சுவரே குளிர்விக்கும் தகடு. கதவைத் திறக்கும்போது உள்ளே வரும் ஈரக்காற்றும், மூடாமல் வைத்த குழம்பிலிருந்தும் இட்லி மாவிலிருந்தும் எழும் ஈரமும் அந்தத் தகட்டில் பனியாகப் படிகின்றன. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் பனி விரைவில் தடிக்கும். கால் அங்குலம் தடித்துவிட்டால் அந்தப் பனியே குளிர் பரவுவதைத் தடுக்கத் தொடங்குகிறது. கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும், மின்கட்டணமும் கூடும். இதற்கான மருந்து, குளிரின் அளவை மாற்றும் தெர்மோஸ்டாட் திருகியின் நடுவில் இருக்கும், பனியைக் கரைக்கும் டீஃப்ராஸ்ட் பட்டன். அதை அழுத்தினால் கம்ப்ரசர் நின்றுவிடும். பனி கரைந்து தகடு சூடேறியதும் பட்டன் தானாகவே வெளியே வந்து, கம்ப்ரசர் மீண்டும் ஓடத் தொடங்கும். இரவில் அழுத்திவிட்டுப் படுத்தால் காலையில் வேலை முடிந்திருக்கும்.

பொறுமை இல்லாதவர்கள் கத்தியை எடுக்கிறார்கள். டைரக்ட் கூல் ஃபிரிட்ஜுக்கு வீட்டிலேயே நேரும் பெரிய விபத்து இதுதான். அந்த அலுமினியத் தகட்டுக்குள்ளேயே குளிரூட்டும் கேஸ் ஓடும் பாதை இருப்பதால், ஒரு குத்து தவறினால் போதும், கேஸ் முழுவதும் வெளியேறிவிடும். இப்போது வரும் ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் ஆர்600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன் இருக்கிறது. அளவு 150 கிராமுக்குக் குறைவுதான் என்றாலும் அது எரியக்கூடிய வாயு. 'உஸ்' என்ற சத்தம் கேட்டால் பக்கத்தில் இருக்கும் அடுப்பை அணைத்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். விரைவாகக் கரைக்க வேண்டுமானால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு பாத்திரத்தில் சுடுநீரை வைத்துக் கதவைச் சாத்தினாலே பனி தகட்டை விட்டுக் கழன்றுவிடும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் குளிர்விக்கும் சுருள் ஃப்ரீசரின் பின்புறத் தகட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. ஒரு சிறிய ஃபேன் அதன் குளிரை மேலும் கீழும் அனுப்புகிறது. 6 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை டைமரோ எலெக்ட்ரானிக் போர்டோ கம்ப்ரசரை நிறுத்தி, சுருளுக்கு அடியில் உள்ள ஹீட்டரைச் சற்று நேரம் இயக்குகிறது. கரைந்த நீர் ஹீட்டர்மேல் சொட்டும்போது 'சுர்' என்ற சத்தம் கேட்கும், அது பழுதன்று. இந்த ஏற்பாட்டில் டைமர், ஹீட்டர், குளிரைப் பொறுத்து ஹீட்டருக்கு மின் இணைப்புத் தரும் பைமெட்டல் ஸ்விட்ச், ஃபியூஸ் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று செயலிழந்தாலும் சுருளில் பனி ஏறிக்கொண்டே போகும். மேலே ஃப்ரீசர் ஓரளவு குளிர்ந்திருக்கும். கீழே பால் திரியும், மாவு புளித்துப் பொங்கும். இந்த இரண்டும் ஒன்றாகத் தென்பட்டால் முதலில் ஐயப்பட வேண்டியது டீஃப்ராஸ்ட் பகுதியைத்தான்.

சத்தத்தைப் பொறுத்தவரை டைரக்ட் கூல் எளிமையானது. அதில் ஓடும் பொருள் கம்ப்ரசர் ஒன்றே. அதிர்ந்து கடகடத்தால், தரையில் சமமாக நிற்காத கால்களையும், பின்புறம் கம்ப்ரசர்மேல் தளர்ந்து உட்கார்ந்திருக்கும் தண்ணீர் ட்ரேயையும், சுவரில் உரசும் குழாயையும் பார்த்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்டு, ஒரு முனகலுடன் மீண்டும் அடங்கினால், கம்ப்ரசர் ஓட முயன்று முடியாமல், அதைக் காக்கும் ஓ.எல்.பி. (ஓவர்லோட் புரொடெக்டர்) மின்சாரத்தைத் துண்டிக்கிறது என்று பொருள். கோடையில் மின்னழுத்தம் குறையும் பகுதிகளில் இது சாதாரணம். முதலில் ஸ்டெபிலைசர், அடுத்து கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே, கடைசியாகத்தான் கம்ப்ரசர் என்ற வரிசையில் சோதிப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. பெரும்பாலான மாடல்களில் ஃப்ரீசர் கதவைத் திறந்தால் ஃபேன் நின்றுவிடும். கதவைத் திறந்து வைத்து, கதவோரத்தில் உள்ள சிறிய ஸ்விட்சை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் சத்தம் வந்தால் அது ஃபேன். அழுத்தினாலும் விட்டாலும் தொடர்ந்தால் கம்ப்ரசர் பக்கம். ஃபேன் 'டர்ர்' என்று எதிலோ உரசுவதுபோல் கேட்டு, ஃபிரிட்ஜை அணைத்து வைத்த மறுநாள் அந்தச் சத்தம் மறைந்தால், இறக்கை பனியில் தட்டியிருக்கிறது. மோட்டார் மாற்றத் தேவையில்லை. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ளவற்றில் மெல்லிய ரீங்காரம் மணிக்கணக்கில் நீடிப்பது இயல்பு. அது நின்று நின்று ஓடாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும் வகை என்பதை அறியாமல் 'கட் ஆஃப் ஆகவில்லை' என்று புகார் செய்பவர்கள் நிறைய.

பனி படியும் இடமும் பழுதைக் காட்டிக்கொடுக்கும். பின்புறத் தகடு முழுவதும் வெள்ளைப் பொடிபோல் பனி பூத்திருந்தால் டீஃப்ராஸ்ட் பகுதி செயலிழந்திருக்கலாம். ஃப்ரீசரின் அடித்தரையில் கண்ணாடிபோல் கட்டியான ஐஸ் பரவி, கீழே காய்கறிப் பெட்டிக்கு அடியில் நீர் தேங்கினால், ஹீட்டர் நன்றாகவே வேலை செய்கிறது. கரைந்த நீர் வெளியேறும் துளைதான் அடைத்திருக்கிறது. கதவோரத்தில் மட்டும் பனி என்றால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் (கேஸ்கெட்) தளர்ந்திருக்கிறது. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தால், பிடிமானம் இல்லாத இடம் தெரிந்துவிடும்.

இனி வழிமுறைகளை ஒப்பிடலாம். ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் பனி அடைத்துக்கொண்டால், பொருள்களை எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரு கதவுகளையும் 24 மணி நேரம் திறந்து வைப்பது ஒரு வழி. செலவில்லை, அத்துடன் இது சோதனையாகவும் அமைகிறது. பல மாதங்கள் தொல்லை வராவிட்டால், கதவு சரியாக மூடாமல் இருந்ததுதான் காரணமாக இருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் பனி திரும்பினால் உதிரிபாகம் போய்விட்டது என்று கொள்ளலாம். மீண்டும் மீண்டும் அணைத்து வைப்பதில் பயனில்லை. மற்றொரு வழி, பிளக்கைப் பிடுங்கிய பின் ஃப்ரீசரின் பின்புறத் தகட்டைக் கழற்றி, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரால் சோதிப்பது. 230 வோல்ட்டில் 150 முதல் 200 வாட் வரையுள்ள ஹீட்டர் ஏறத்தாழ 350 முதல் 260 ஓம் வரை காட்ட வேண்டும். ஃபியூஸில் மின்பாதை அறுபடாமல் தொடர்ச்சி இருக்க வேண்டும். பைமெட்டல் மட்டும் விதிவிலக்கு: அறை வெப்பத்தில் அது துண்டிக்கப்பட்டே இருக்கும், நல்ல குளிரில்தான் இணையும். ஆகவே மேசைமேல் வைத்துச் சோதித்துவிட்டு அதைக் குறைசொல்லக் கூடாது. மின்சார வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் முதல் வழியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

மெக்கானிக் வந்ததும் 'கேஸ் போயிடுச்சு சார்' என்று சொல்வது இரண்டு வகைக்கும் பொது. டைரக்ட் கூலில் அதை நாமே பார்த்துவிடலாம்: கேஸ் குறைந்திருந்தால் ஃப்ரீசர் தகட்டின் ஒரு பகுதியில் மட்டும் பனி பிடித்து, மற்ற பகுதி வெறுமையாக இருக்கும். ஃப்ராஸ்ட் ஃப்ரீயிலும் அதே அடையாளந்தான், ஆனால் அதைக் காணத் தகட்டைக் கழற்றியாக வேண்டும். எனவே கேஸ் நிரப்பச் சம்மதிக்கும் முன், தகட்டைக் கழற்றிச் சுருளைக் காட்டச் சொல்லுங்கள். சுருள் முழுவதும் பனி மூடியிருந்தால் கேஸ் இருக்கிறது, ஹீட்டர் பக்கம்தான் கோளாறு. ஓரிரு வளைவுகளில் மட்டும் பனி இருந்தால் அவர் சொல்வது பெரும்பாலும் சரி. அப்போதும் கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால், அதே செலவு மறுபடியும் வரும்.